மாமா போட்ட பிளக்

எங்கள் வீட்டுக் கறுப்புக் காரை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தறிச்சத்தம் ஓயாத நம் தெருவில் அது ஒன்றுதான் கார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் பின்பக்க பம்பரில் ஏறி நின்று என் அப்பாவிடம் ஏச்சு வாங்காதவர் நம்மில் ஒருவரும் இல்லை. நீளமான மூக்கு, தவளைக் கண் மாதிரி புடைத்த விளக்குகள், உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. வெயிலில் கிடந்த காரின் கதவைத் திறந்தால் பெட்ரோலும் பழைய தோலும் அப்பாவின் புகையிலையும் கலந்த சூட்டு வாடை முகத்தில் அடிக்கும். ஒரு ஆவணியில் அந்தக் கார் தெருவை விட்டுப் போனது. ஏன் வித்துட்டாங்க என்று நீங்கள் கேட்டீர்கள். அப்பாவுக்குப் பிடிக்கலை என்றேன். அது உண்மைதான். அதற்கு முன்பு ஆனியில் நான் சொன்னது உண்மை இல்லை. நமக்கெல்லாம் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. அக்காவை அவருக்குத்தான் கொடுப்பது என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொந்தக்காரர்கள் முன்னிலையில் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அன்று அப்பாவுக்கு இரண்டு தறிதான். பிறகு தறி எட்டானது, கார் வந்தது, கொடுத்த வாக்கு கசந்தது. ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாக்கை அவர் வாயாலேயே மீறினால் ஊர் சிரிக்கும். அதனால் மாமாவை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். தறிக்காரர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமாவுக்கு இலை. அவர் குடிக்க ஒரு தனி தம்ளர், கிரீஸ் வாடை அடிக்கிறதாம். அம்மா அந்தத் தம்ளரைத் தனியே கழுவிக் கவிழ்ப்பாள்.

கார் ரொம்பப் பழையது. கரண்ட் உண்டாக்க அதில் முதலில் டைனமோதான் இருந்தது. அதை எடுத்துவிட்டு மதுரையில் ஆல்டர்னேட்டர் மாட்டிக்கொண்டு வந்தார் அப்பா. அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே கார்பன் தேய்ந்து நின்றுவிடும். கழற்ற வேண்டுமென்றால் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே மல்லாந்து படுத்து, எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே கையை நுழைத்து, ஒரே கறுப்பு நிறத்தில் இருக்கும் மூன்று வயர்களைத் தடவிக் கண்டுபிடித்து, சுற்றியிருக்கும் டேப்பை அறுத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாமாவின் முழங்கையில் தோல் போகும்.

அந்த வருஷம் ஆனி மாதம் சாப்பாட்டு நேரத்தில் மாமா சொன்னார்.

"அத்தான், அந்த வயர மாத்திப் போடுதேன். இப்படியே விட்டா ஒவ்வொரு தடவையும் படுத்துக்கிட்டு அழணும்."

"மதுரைல பெரிய வொர்க்‌ஷாப்காரன் போட்டத நீ மாத்தப் போறியோ?"

"அவன் போட்டது தப்பு இல்ல அத்தான். கழத்துததுக்கு வழி வைக்காம போட்டுட்டான்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "கழத்துததுக்கு வழி வைக்கப் போறானாம்ட்டி, உன் தம்பி," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "செய்யி," என்றார்.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வேலையைச் செய்தார். நானும் அக்காவும் கார் நிற்கும் கொட்டகையின் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு பார்த்தோம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் புது வயர். அவற்றை ஒரு ரப்பர் குழாய்க்குள் விட்டு, எஞ்சின் சூடு படாமல் ஓரமாகக் கொண்டுவந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் முடித்தார். அங்கே ஒரு பிளக்கும் சாக்கெட்டும். பழைய டிராக்டர் டிரெய்லரிலிருந்து எடுத்தது, விரல் தடிமனுக்குப் பித்தளைக் குச்சிகள். பிளக்கை உருவினால் மூன்று வயரும் ஒரே நேரத்தில் விடுபடும். அப்புறம் இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் ஆல்டர்னேட்டரை மேல்பக்கமாகவே தூக்கிவிடலாம். கால் மணி நேர வேலை.

பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிற பக்கத்தைப் பொந்தாகவும் மற்றப் பக்கத்தைக் குச்சியாகவும் வைத்திருந்தார். ஏன் என்று அக்கா கேட்டாள். "விவரம் தெரியாத கை பட்டாலும் நெருப்புப் பறக்கக் கூடாதுல்லா," என்றார் மாமா. குலுக்கலில் பிளக் கழன்றுவிடாமல் இருக்க, சைக்கிள் கம்பியை வளைத்து ஒரு கிளிப் செய்து குறுக்கே மாட்டினார். டிக் என்று விழுந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துப் பிளக்கின் மேல் வைத்தார்.

"இழுத்துப் பாரு. பொம்பளப் புள்ள கையால கூட முடியும்."

அக்கா இழுத்தாள். வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் செய்கிறேன் என்றேன். "நீ அடுத்த தடவ," என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே. பிளக்கைச் சொருகிக் கிளிப்பை மாட்டினார். அந்த டிக் சத்தத்தை நான் இரண்டாவது தடவையாகக் கேட்டேன். கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேசக் கூடாது. ஆனிக்குள் நாள் குறித்துவிட வேண்டும் என்று அம்மாவின் அண்ணன் மேலநீலிதநல்லூரிலிருந்து வந்து சேர்ந்தார். எங்களுக்குப் பெரிய மாமா. அம்மா வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். சிவகிரியில் எங்கள் குடும்பத்துக்கு நாள் பார்த்துச் சொல்கிற ஜோசியர் இருந்தார். அவரிடம் காரில் போய்வருவது என்று முடிவானது. அப்பாவே ஓட்டுவதாகச் சொன்னார். மாமாவின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் பிறகு எந்த மாப்பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை.

அன்று காலை கொட்டகைப் பக்கம் போனேன். பகல் வெளிச்சத்தில் காரின் முன்விளக்குகள் இரண்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

"அப்பா, லைட்டு எரியுது."

"எரியட்டும்," என்றார் அப்பா. பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். 'ஏட்டி' தான். குனிந்து, என் உயரத்துக்கு வந்து பேசினார்.

"உன் மாமன் செஞ்ச வேல எவ்வளவு லெச்சணம்னு பாப்போமா? அந்தக் கம்பிய எடுத்துட்டுப் பிளக்க உருவி விடு. சும்மா வெளையாட்டு. ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. நீ எங்கூட முன் சீட்டுல உக்காந்து வரலாம்."

ஏன் அவர் கையாலேயே செய்யவில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பானெட்டை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். நான் கிளிப்பை எடுத்தேன். பிளக்கை இழுத்தேன். ஒரு பெண்பிள்ளை கையால் முடிந்தது. கிளிப்பைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். மாமா வந்து, "ஒரு தடவ பானெட்டத் தூக்கிப் பாத்துடுதேன் அத்தான்," என்றார். "நல்ல நேரம் முடியுது. ஏறுலே," என்றார் அப்பா. மூன்றாவது முயற்சியில்தான் எஞ்சின் பிடித்தது. பின் சீட்டில் பெரிய மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த மாமா, "பேட்டரி கொஞ்சம் எறங்கியிருக்கு. ரோட்டுல ஓடுனா ஏறிக்கிடும்," என்றார். அவருக்குத் தன் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதில் ஒரு முள். பேட்டரி ஏறினால் வலப்பக்கம் சாயும், இறங்கினால் இடப்பக்கம். மாமா எப்போதோ சொல்லிக்கொடுத்தது. அன்று அது இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பின் சீட்டிலிருந்து அது தெரியாது. எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். நான் பார்ப்பதை அப்பா பார்த்தார். ஒரு கையை எடுத்து என் தலையில் வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மலைப்பக்கம் நெருங்க நெருங்கச் சாரல் ஆரம்பித்தது. அப்பா விளக்கைப் போட்டார், வைப்பரைப் போட்டார், ஆடு மாடு எதுவும் இல்லாத ரோட்டிலும் ஹாரனை அழுத்தினார். சிவகிரிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"எஞ்சின அமத்த வேண்டாம் அத்தான்," என்றார் மாமா.

"ஏம்லே, டீ குடிக்கக் கூட உங்கிட்ட கேக்கணுமோ?"

டீ குடித்து முடிக்கிற வரைக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அப்பா சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மாமா குதித்து இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். நானும் இறங்கிப் போனேன். பிளக் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதிதான் வந்தது, சிரித்துக்கூட விட்டார். "இவ்ளோதான்! பிளக்கு கழந்திருக்கு," என்று சொருகினார். ஆனால் பேட்டரி செத்திருந்தது. தள்ளித்தான் பார்க்க வேண்டும். டீக்கடையில் இருந்த நான்கைந்து பேர் வந்து கை கொடுத்தார்கள். பெரிய மாமாவும் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். மூன்றாவது தடவை தள்ளும்போது சேற்றில் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தார். வேட்டி கிழிந்து ரத்தம் வந்தது. கார் அசைந்ததே தவிரக் கிளம்பவில்லை.

மாமா மறுபடியும் பானெட்டுக்குள் குனிந்து தேடினார். "கிளிப்ப எங்க?" என்று தனக்குத்தானே கேட்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "இது தானாக் கழராது. நான் கிளிப் போட்டிருந்தேன். யாரோ எடுத்திருக்காங்க."

"யாரோன்னா?" என்றார் அப்பா. "காரு எங்கொட்டகைல நிக்கி. அப்போ நான் எடுத்தேங்கியா? சங்கரலிங்க சாமி சத்தியமா நான் அந்தப் பிளக்கத் தொடல. போதுமா?"

அப்பா பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அவர் ஏன் என் கையை உபயோகித்தார் என்பது பல வருஷம் கழித்து இந்த இடத்தை நினைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பெரிய மாமா டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் யாரோ காப்பித்தூள் வைத்து அழுத்தியிருந்தார்கள். "மாட்டுனியா இல்லியாலே?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. ரோட்டில், அந்தச் சாரலில், என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கையில் கிரீஸும் மழைத்தண்ணீரும் கலந்து வழிந்தது.

"மக்கா, நான் கிளிப் மாட்டுனத நீ பாத்தல்லா? நீயும் அக்காவும் அங்கன தான இருந்திய? பெரிய மாமாட்ட சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கூட நிறுத்திவிட்டார். என் இடுப்பில் அந்தக் கம்பி குத்திக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றேன். "மாமா அத மாட்டவே இல்ல. சும்மா பிளக்கச் சொருகிட்டு அக்கா கையப் புடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே நின்னாவ."

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம் இல்லை. முன்பின் தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பெரிய மாமா நொண்டியபடி எழுந்து வந்து மாமாவின் கன்னத்தில் அறைந்தார். குத்துக்காலிட்டிருந்தவர் சாய்ந்து கையை ஊன்றினார். இரண்டாவது அறை காதில் விழுந்தது. "நாள் குறிக்கதுக்கு முன்னால கையப் புடிக்கணுமோ ஒனக்கு? அதான் சாமி வழிலயே நிப்பாட்டிட்டு," என்றார். பிறகு அப்பாவிடம், "மாப்ள, சகுனமும் சரியில்ல, இவனும் சரியில்ல. ஒம்ம வாக்க நான் திருப்பித் தாரேன். எங்க பக்கம் இனி யாரும் கேக்க மாட்டோம்," என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு துக்கம்போல நின்றார்.

காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். மாமா ஏறவில்லை. ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். பின் கண்ணாடி வழியாக வெகுதூரம் வரை தெரிந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் துணிமணியையும் சாமான் பெட்டியையும் எடுக்க வந்ததுதான் நீங்களும் பார்த்தது. அவர் வருவதற்கு முன்பே அப்பா பெட்டியைக் கவிழ்த்து எல்லா ஸ்பேனர்களையும் வாசல் சாக்கடையில் கொட்டியிருந்தார். சாயத் தண்ணீரும் கழிவும் ஓடுகிற அந்தச் சாக்கடையில் மாமா கையை விட்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்கன ஒண்ணு கெடக்கு பாரு. இந்தா, இங்கன," என்று காட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஓடிவந்து சாக்கடையில் கை வைத்தாள். "உள்ள போட்டி!" என்று அப்பா போட்ட சத்தத்தில் தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நானும் சிரித்தேன்.

அந்த வாரம் அம்மா துணி துவைக்கும்போது என் பாவாடை மடிப்பிலிருந்து கிளிப் விழுந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரிந்திருந்ததே அந்தக் கிளிப்பின் கதை. ஈரக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இப்போது கூப்பிடுவாள், பெரிய மாமாவிடம் இழுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கிணற்றில் போட்டுவிட்டுத் துவைக்க ஆரம்பித்தாள். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அதன் பிறகு என் தலையையும் அவள் பின்னிவிடவில்லை.

ஆவணியில் அக்காவுக்கு ஆபீஸ் மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆனது. கோவில்பட்டியில் வீடு. அவர் அக்காவை அடித்ததில்லை. ஆபீஸ் போகும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். வேறொன்றும் செய்யவில்லை. மாமா கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. 'கையப் புடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே' என்ற என் வார்த்தை அக்காவுக்கு முன்னாலேயே கோவில்பட்டி போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு தடவை அப்பா மகளைப் பார்க்கப் போனவர் கதவில் பூட்டைப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா நின்றாள். மாப்பிள்ளை வரும்வரை தெருவில் நின்று, பிறகு உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார். அம்மா கேட்டதற்கு, "பத்திரமா வச்சிருக்கான்," என்றார். பத்தொன்பது வருஷம், அந்த மனிதர் சாகும்வரை, அந்தப் பூட்டு இருந்தது. அக்கா போய் நான்கு வருஷம் ஆகிறது. அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் சிரிக்கும்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மாமா பம்பாய்க்குப் போய் லாரி ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். கல்யாணம் தாமதமாக நடந்தது. பிள்ளை இல்லை. இப்போது ராயகிரியில் அத்தையும் அவருமாக இருக்கிறார்கள். போன மாதம் பஸ் ஏறிப் போனேன். எழுபத்தொரு வயது. இடது காது கேட்காது, பெரிய மாமா அறைந்த காது. வலது காதுப் பக்கம் என்னை உட்கார வைத்துக்கொண்டார். "எப்படி இருக்கே மக்கா?" என்று என் முழங்கையைத் தடவிக் கொடுத்தார். அத்தை காப்பி போட உள்ளே போனாள்.

நான் சொன்னேன். காலையில் விளக்கு எரிந்தது, அப்பா சொன்னது, கிளிப்பை எடுத்தது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் சிரித்தார். "அது அன்னைக்கே தெரியும் மக்கா. உங்கப்பா பண்ணுன சத்தியத்த ரோட்டுல நடந்து வரும்போது நெனச்சேன், தெரிஞ்சு போச்சு. வேற யாரு கை? பதினோரு வயசுப் புள்ள, அப்பன் சொன்னா செய்யாம என்ன செய்யும்? அதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். எனக்குப் பாதி மன்னிப்பு போதவில்லை.

"அப்பா கழத்தத்தான் சொன்னாவ மாமா. டீக்கடைல நான் பேசினது அப்பா சொல்லித் தந்தது இல்ல."

"எது?"

"நீங்க கிளிப்ப மாட்டவே இல்லன்னது. அக்கா கையப் புடிச்சுக்கிட்டு நின்னியன்னது."

அவர் வலது காதை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார். "உங்கப்பா சொல்லச் சொல்லலையா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை வாசல் பக்கம் திருப்பினார்.

"உங்கப்பன ஏசியிருக்கேன். எங்கண்ணன ஏசியிருக்கேன். கூடப் பொறந்தவளக் கூட ஏசியிருக்கேன். அந்தப் பதினோரு வயசுப் புள்ளைய மட்டும் நான் ஒரு நாளும் ஏசினதில்ல," என்றார். என்னிடம் சொல்வது போல இல்லை.

பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, இவ பஸ்ஸுக்குப் போணுமாம். காப்பி போட வேண்டாம்."

உள்ளே அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.